ஆகவே வரை வந்த தீர்ப்பு

மேடையில் ஐந்து பேர் இருந்தோம். நடுவில், தலைமையாசிரியர் அறையிலிருந்து தூக்கி வந்த சுழல் நாற்காலியில் நான். அது சுழன்றுவிடாமல் இருக்க அடியில் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். என் வலப்பக்கம் வகுப்பறை அணி, பத்தாம் வகுப்பு சுவாதியும் தீபிகாவும். இடப்பக்கம் விளையாட்டுத் திடல் அணி, அதே வகுப்புப் பூவரசனும் கயல்விழியும். கீழே முதல் வரிசையில் சிறப்பு விருந்தினர், தலைமையாசிரியை ஆரோக்கியம்மாள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தார். மூன்றாவது வரிசையில் நடைபாதையை ஒட்டி சுவாதியின் அப்பா தாண்டவராயன், பக்கத்தில் அம்மா செல்லாயி. அவர்களுக்கு நாலு வரிசை தள்ளி, வேண்டுமென்றே தள்ளி, செல்லாயியின் தம்பி விஜயகுமார். இவர்களுக்கு இடையிலும் பின்னாலும் அவர்கள் மீனவக் குப்பத்துச் சனம் பாதிக்கு மேல். தூணில் சாய்ந்து நின்றவர் கணக்கு ஆசிரியர் கார்த்திகேசன். மேடைப் படிக்கட்டுக்குக் கீழே, பட்டுப்புடவை கட்டியும் கழுத்து விசிலைக் கழற்றாமல், உடற்கல்வி ஆசிரியை அமிர்தம். மேடைக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் மைக்செட் கோவிந்தசாமி.

கடலூரை ஒட்டி, ஊரும் இல்லாமல் நகரமும் இல்லாமல் இருக்கிற அரசு மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. ஆண்டு விழா என்றால் பட்டிமன்றம் உண்டு, பத்தாம் வகுப்புத் தமிழாசிரியை என்ற முறையில் நான் நடுவர். இந்த ஆண்டுத் தலைப்பு, மாணவர் வாழ்வுக்குப் பெரிதும் துணை நிற்பது வகுப்பறையா, விளையாட்டுத் திடலா?

யார் எந்தப் பக்கம் என்று சீட்டுப் போட்டுத்தான் எடுத்தோம். கார்த்திகேசன் சாரின் டிபன் பாக்ஸ் மூடியில் சீட்டுகளைக் குலுக்கினோம். கோ-கோ அணித் தலைவி சுவாதிக்கு வகுப்பறை வந்தது. வகுப்பில் எப்போதும் முதலாவதாக வருகிறவனும், விளையாட்டு பீரியடில் வேப்பமரத்தடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க அமிர்தத்திடம் நிரந்தர அனுமதி வாங்கி வைத்திருப்பவனுமான பூவரசனுக்குத் திடல் வந்தது. இரண்டு பேரும் மாற்றிக்கொள்கிறோம் என்று கெஞ்சினார்கள். பட்டிமன்றத்தில் வந்த பக்கத்தைத்தான் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

சுவாதிக்கு அப்போது வேறொரு காரியமும் நடந்துகொண்டிருந்தது. சிதம்பரத்தில் ஒரு பெண்கள் விளையாட்டு விடுதி இருக்கிறது. அங்கேயே தங்கி, பக்கத்துப் பெண்கள் பள்ளியில் பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கலாம். அதற்கான தேர்வு பொங்கலுக்குப் பிறகு அண்ணாமலை நகர் மைதானத்தில் நடந்தது. சுவாதி தேறிவிட்டாள். மாதக் கடைசிக்குள் அப்பா சம்மதக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. போடுகிறேன் என்று தாண்டவராயனும் அமிர்தத்திடம் சொல்லியிருந்தார். விடுதிக் கடிதம் வந்த நாளிலிருந்து சுவாதி தரையில் நடக்கவில்லை. வராந்தாவில்கூட ஓடித்தான் போவாள்.

ஆண்டு விழா அன்று பூவரசன் முதலில் பேசினான். விளையாட்டினால் உடல் உறுதி பெறும், இரத்த ஓட்டம் சீராகும், பசி எடுக்கும் என்று கட்டுரை ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனான். பின்னால் இருந்த பையன்கள், நீ என்னைக்குடா ஓடுன என்று கேட்டார்கள். அவன் நியாயமாக, இனிமேல் ஓடுவேன் என்று மைக்கிலேயே பதில் சொன்னான்.

பிறகு சுவாதி எழுந்தாள். தோற்பதற்கென்று ஒரு காரியத்தைச் செய்ய அவளுக்குத் தெரியாது. அதை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"நடுவர் அவர்களே, எங்க ஸ்கூல்ல விளையாட்டு பீரியட கணக்கு சார் கடன் வாங்குவாரு. அதுக்கு ஈடா அமிர்தம் மிஸ் எங்கள அறிவியல் பீரியட்ல கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. சாருக்கும் மிஸ்ஸுக்கும் கடன் தீர்ந்துடும். என் அறிவியல் மட்டும் திரும்பி வராது."

தூணில் சாய்ந்திருந்த கார்த்திகேசன் சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அமிர்தம் முறைத்தாள்.

"இதயம் நடத்துன அன்னிக்கு நான் கிரவுண்டுல இருந்தேன். இதயத்துல எத்தனை அறைன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஓடி முடிச்சதும் எங்கெல்லாம் வலிக்குதோ அங்கெல்லாம் ஒரு அறைன்னுதான் சொல்லுவேன்."

பந்தலே கைதட்டியது. அந்தக் கைதட்டல் அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மூன்றாவது வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"எங்க அப்பா அங்க உக்காந்திருக்காரு. என்னை நர்சுக்குப் படிக்க வைக்கணும்னு அவருக்கு ஆசை. அவரைப் பார்த்தே சொல்றேன். அப்பா, எனக்குத் திடல் வாணாம். வகுப்பறை போதும்."

எழுந்து நின்று தட்டினார்கள். செல்லாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தாண்டவராயன் தட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு மகளையே பார்த்தபடி இருந்தார்.

மற்ற இருவரும் பேசி முடித்ததும் நான் தீர்ப்புக்கு எழுந்தேன். சிறப்பு விருந்தினர் முன்னதாகத் தன் வாழ்க்கை வரலாற்றைப் பிறப்பிலிருந்து சொல்லியிருந்ததால் நேரம் மிகவும் தள்ளிப்போயிருந்தது. நான் இரு பக்கத்து வாதங்களையும் தொகுத்துச் சொல்லி, "ஆகவே" என்றேன். அந்த இடத்தில் கோவிந்தசாமி மேடைக்கு வந்து, டீச்சர், செம்மண்டலத்துல ஒரு காதுகுத்து, ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க என்று சொல்லி மைக்கை என் கையிலிருந்து மரியாதையாகவே வாங்கிக்கொண்டார். கீழே சிரிப்பு. ஆரோக்கியம்மாள் நாட்டுப்பண்ணுக்கு எழுந்துவிட்டார். என் தீர்ப்பு ஆகவேயோடு நின்றது.

திங்கட்கிழமை காலையில் அமிர்தம் ஆசிரியர் அறைக்குள் வந்த வேகத்திலேயே விஷயம் சரியில்லை என்று தெரிந்தது. தாண்டவராயன் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். பெண்ணே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே, அத்தனை பேர் முன்னால் சொன்னாளே, அதற்கு மேல் நான் என்ன செய்ய என்கிறாராம். சுவாதி ராத்திரியெல்லாம் அழுது, காலையில் பள்ளிக்கும் வரவில்லை.

சாயங்காலம் நானும் அமிர்தமும் குப்பத்துக்குப் போனோம். வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். செல்லாயி ஆரஞ்சு கலர் வாங்கிவரச் சொல்லி ஆளுக்கொரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். தாண்டவராயன் எங்களுக்கு எதிரே பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்தார். குரலை உயர்த்தாத மனிதர். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறார், ஊர்க்கூட்டத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

பட்டிமன்றம் என்பது ஒரு விளையாட்டு மாதிரிதான், பக்கம் சீட்டில் வந்தது, சுவாதி மனதில் இருப்பது அதுவல்ல என்று நான் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சீட்டுல வந்ததுன்னு எனக்கும் தெரியும் டீச்சர். நானும் உங்க ஸ்கூல்ல பத்தாவது வரைக்கும் படிச்சவன்தான். ஆனா அறிவியல் பாடம் போச்சுன்னு அவ சொன்னது, அதுவும் சீட்டுல வந்ததா? அது நெசமா இல்லியா?"

அமிர்தம் கலரைக் குடித்தாள்.

பிறகு அவர் தன் மச்சான் கதையைச் சொன்னார். விஜயகுமார் அவர் போட்டில்தான் தொழிலுக்கு வந்துகொண்டிருந்தார். போன வருஷம் பங்கு பிரிப்பதில் ஏதோ ஒரு சொல் தடித்து, ஊர்க்கூட்டத்தில் எழுந்து, இனி இவர் போட்டில் கால் வைக்க மாட்டேன் என்று கோபத்தில் சொல்லிவிட்டார். மறுநாளே திரும்பி வந்தார். சபையில் சொன்ன சொல்லை சபையில் வைத்தபடியே விட வேண்டும், அதுதான் இங்கே வழக்கம், மச்சானானாலும் அதுதான் என்று தாண்டவராயன் அவரைப் போட்டில் ஏற்றவில்லை. ஊர்த்தலைவரும் அப்படியே தீர்ப்புச் சொன்னார். விஜயகுமார் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இருவருக்கும் பேச்சு இல்லை.

"அவனை அப்படி நிறுத்திட்டு, எம் பொண்ணு மைக்குல சொன்னத மட்டும் சும்மா பேச்சுன்னு விட்டா, நாளைக்கு நான் கூட்டத்துல எந்த மூஞ்ச வெச்சுக்கிட்டுப் பேசறது? அன்னிக்குப் பந்தல்ல இருந்தது பாதி நம்ம ஊரு சனம். மச்சானும்தான் உக்காந்து கேட்டான்."

அக்கா புருஷன் மேல் இருக்கிற கோபத்தில் தன் தம்பி நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தாலும், அக்கா மகள் பேச்சுக்கு விசிலடித்தது அவன்தான் என்று செல்லாயி குறுக்கே சொன்னாள். தாண்டவராயன் அதைக் கேட்காததுபோல் இருந்தார்.

உள்ளேயிருந்து சுவாதி வந்து நிலைப்படியில் நின்றாள். முகம் வீங்கியிருந்தது. ஆனால் குரல் மேடைக் குரலாகவே வந்தது.

"அப்பா, மாமா விஷயத்துல தலைவரு தீர்ப்பு சொல்லி முடிச்சாரு. இங்க மிஸ் இன்னும் தீர்ப்பே சொல்லல."

"என்ன?"

"ஆகவேன்னுதான் சொன்னாங்க. அதுக்குள்ள மைக்செட்டு மாமா புடுங்கிட்டுப் போயிட்டாரு. கூட்டத்துல தீர்ப்பு வர்ற வரைக்கும் ரெண்டு தரப்பும் பேசறது வெறும் பேச்சுதான்னு நீதான சொல்லுவ."

தாண்டவராயன் மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சின்ன நெகிழ்வு வந்தது. மகள் கோ-கோவில் ஆளைத் தொட்டுவிட்டுக் கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது பார்த்திருக்கிறாரோ என்னவோ, அதைப் பார்க்கிற முகம்.

"ஆமா," என்றார் என்னிடம். "ஆகவேன்னு சொன்னீங்க. காதுல விழுந்துச்சு."

எங்களுக்கு அவர் போட்ட நிபந்தனைகள் இவை. தீர்ப்பு எழுத்தில் வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் படிப்பார்கள். எது வந்தாலும் அவர் ஏற்பார். இரண்டும் இரு கண்கள் என்று வழவழவென்று எழுதக் கூடாது. கடைசியாகச் சொன்னது: "எம் பொண்ணுக்காக எழுதாதீங்க டீச்சர். அன்னிக்கு யாரு பேச்சு நின்னுச்சோ அவங்களுக்கு எழுதுங்க."

இரு கண்கள் என்றுதான் அன்றைக்கு மேடையில் சொல்ல இருந்தேன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அமிர்தத்துக்கு ஒரே சந்தோஷம். திடல் என்று ஒரு சொல் எழுதுங்க மேடம், முடிஞ்சுது என்றாள். நான் வீட்டுக்குப் போய் அன்றைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். பூவரசன் பக்கத்தில் பசி எடுக்கும் என்பதற்கு மேல் நிற்கிற வாதம் எதுவுமில்லை. கயல்விழி பாதியில் மறந்துபோய் நன்றி வணக்கம் சொல்லிவிட்டாள். வென்றது சுவாதிதான். அவள் வென்றால் அவள் போக முடியாது. அவள் போக வேண்டுமென்றால் நான் அவளைத் தோற்கடிக்க வேண்டும், அதுவும் பொய்யாக. அதைப் பாதி ஊரே கேட்டிருக்கிறது. தாண்டவராயனுக்கு நல்ல காது.

அமிர்தத்திடம் இதைச் சொன்னதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு பொண்ணு வாழ்க்கையைவிட உங்க குறிப்பு நோட்டு பெருசா என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை.

வியாழக்கிழமை பூவரசன் ஆசிரியர் அறை வாசலில் நின்றான். இடது முழங்காலில் மஞ்சள் தடவிய காயம். கையில் நாலு பக்கத்துக்குக் குறிப்பு. இந்த வாரம் முழுக்கப் பெண்கள் அணியோடு கோ-கோ ஆடிப் பார்த்தானாம். கம்பத்தில் மோதிக்கொண்டதில் கிடைத்ததும் சேர்த்துப் புதிதாக ஆறு வாதம் தேறியிருக்கிறதாம்.

"மிஸ், நான் இன்னொரு தடவ நல்லாப் பேசறேன். அப்ப எங்க பக்கம் ஜெயிச்சதா எழுதலாம்ல?"

பேசியதற்குத்தான் தீர்ப்பு, பேசப்போவதற்கு இல்லை என்று சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது. விளையாட்டு நல்லா இருந்துச்சா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, பசி எடுத்துச்சு மிஸ் என்றான்.

அவன் போன பிறகு சுவாதியின் பேச்சை இன்னொரு முறை படித்தேன். மேடையில் கேட்டபோது சிரிப்பாகப் போன இடம் எழுத்தில் வேறாகத் தெரிந்தது. திடல் தன் பாடத்தைப் பறித்தது என்று அவள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. கணக்கு விளையாட்டை எடுத்தது, விளையாட்டு அறிவியலை எடுத்தது என்றுதான் சொன்னாள். ஒரே வேளைக்கு இரண்டு பேர் சண்டை போடுகிற பள்ளியைப் பற்றித்தான் அவள் பேசியிருக்கிறாள். அப்படியானால் சண்டை இல்லாத இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அன்றைக்கே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை அதிகாலையில் சிதம்பரம் பஸ் ஏறினேன். புதுச்சத்திரம் தாண்டும்போது அமிர்தம் போன் செய்தாள். எங்கே போகிறேன் என்று தலைமையாசிரியையிடம் தெரிந்துகொண்டிருக்கிறாள். கோபமாக இருந்தாலும், விடுதிச் சாப்பாட்டையும் பார்த்துவிட்டு வாங்க என்றாள்.

விடுதிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் உயிரியல் எடுப்பவர் தில்லையம்மாள். வெற்றிலைச் சிவப்பு ஏறிய உதடும் கட்டைக் குரலுமாக, யார் எவர் என்று கேட்பதற்கு முன்னாலேயே உட்காருங்க என்றார். விடுதிக்குக் காலையிலும் மாலையிலும் பயிற்சி. நடுவில் இருக்கிற பள்ளி நேரம் முழுக்கப் பள்ளிக்கு. போட்டிக்கு வெளியூர் போனால் விட்ட பாடத்தைத் திரும்ப எடுக்கத் தனி நேரம் இருக்கிறது. ஒரு தடவை பயிற்சியாளர் என் வகுப்பு நடுவில் இரண்டு பேரைக் கூப்பிட வந்தார், நான் கதவைச் சாத்திவிட்டேன் என்றார் தில்லையம்மாள். அதற்குப் பிறகு அவர் வாசல் பக்கமே வருவதில்லையாம்.

வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். மேசையில் பிளாஸ்டர் இதயம் ஒன்று, பிரித்துப் பிரித்து மாட்டுகிற மாதிரி இருந்தது. காலையில் ஓடிவிட்டு வந்த இரண்டு பிள்ளைகள் முதல் பீரியடில் கன்னத்தில் கையை வைத்தபடி தூங்கினார்கள். அதையும் குறித்துக்கொண்டேன். மதியம் விடுதியில் சாம்பார் சுமார், முட்டை உண்டு.

சனிக்கிழமை எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு. கார்த்திகேசன் சார்தான் முழு நாளும். இடைவேளையில் என் வரைவை அவரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்துவிட்டு உட்கார்ந்தார்.

"தீர்ப்பு வகுப்பறைக்குன்னு எழுதியிருக்கீங்க. நல்லது. அப்புறம் பிள்ளையை விடுதிக்கு அனுப்பச் சொல்றீங்க. இது எப்படி மேடம் பொருந்தும்? கோ-கோவ விட்டுட்டா இங்கயே படிக்கப்போறா. அவங்க அப்பாவே கேப்பாரே."

"கேப்பாரு சார். நம்ம பதினொண்ணாம் வகுப்புல உயிரியல் பீரியட் யாரு எடுக்கறா?"

"அது ரெண்டு வருஷமா காலியிடம். சும்மா போவுதேன்னு நான்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வராது. இந்தக் குப்பத்துப் பிள்ளைகள் கணக்கில் தேற வேண்டும் என்பதற்காகச் சனிக்கிழமையும் வருகிறவர், வெண்பலகைப் பேனாவைச் சொந்தக் காசில் வாங்குகிறவர். கையில் கிடைத்த நேரத்தையெல்லாம் கணக்காக்கத்தான் அவருக்குத் தெரியும். சிறிது நேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். என் பேரைப் போடணுமா என்று கேட்டார். பேர் வேண்டாம், கணக்கு ஆசிரியர் என்று இருந்தால் போதும் என்றேன். இந்த ஸ்கூல்ல வேற கணக்கு ஆசிரியர் யாரு இருக்கா, பேரையே போடுங்க என்று சொல்லிவிட்டு, கடைசியில் சாட்சியாகக் கையெழுத்தும் போட்டார். கையெழுத்துப் போட்ட கையோடு, அடுத்த வாரத்திலிருந்து விளையாட்டு பீரியட் விளையாட்டுக்கே என்று அமிர்தத்திடம் சொல்லச் சொன்னார். நீங்களே சொல்லுங்க சார் என்றேன். அது அவருக்குக் கையெழுத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஊர்க்கூட்டத்துத் தீர்ப்பில் இரு தரப்பும் கையெழுத்துப் போடுவார்களாம். அதனால் நான்கு பேச்சாளர்களையும் கூப்பிட்டேன். பூவரசன், கயல்விழி, தீபிகா போட்டார்கள். சுவாதி கடைசியாக வந்தாள். தாளின் தலைப்பக்கத்தைப் படித்ததும் அவள் கை நின்றது.

"நாங்க ஜெயிச்சுட்டோமா மிஸ்?" என்றாள். அதைவிடச் சோகமாக யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது.

"முழுசாப் படி."

அவள் விரலை வைத்துப் படித்தாள். நான் எழுதியிருந்தது இது:

'மதிப்பிற்குரிய தாண்டவராயன் அவர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம். ஆண்டு விழாப் பட்டிமன்றத்தில் நான் ஆகவே என்று சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன்.

ஆகவே, மாணவர் வாழ்வுக்குப் பெரிதும் துணை நிற்பது வகுப்பறையே. அன்று நின்ற பேச்சு சுவாதியுடையது. வென்றது அவள் அணி.

தீர்ப்பு எதுவானாலும் ஏற்பதாகச் சொன்னீர்கள். ஏற்பது என்றால், சுவாதி கேட்ட வகுப்பறை அவளுக்குக் கிடைக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அவளுக்கு அது முழுதாகக் கிடைக்கவில்லை என்பதை அவளே சொன்னாள், அது உண்மை. விளையாட்டு பீரியடைக் கணக்கு ஆசிரியர் கார்த்திகேசன் எடுத்துக்கொண்டார், அறிவியல் பீரியடை விளையாட்டு எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அவள் திடலை விட்டுவிட்டாலும் நர்சு படிப்புக்கு வேண்டிய உயிரியல் இங்கே கிடைக்காது. அந்த ஆசிரியர் இடம் இரண்டு ஆண்டுகளாகக் காலி.

சிதம்பரத்துக்கு நேரில் போய்ப் பார்த்தேன். அங்கே உயிரியலுக்கு ஆசிரியை இருக்கிறார். பள்ளி நேரத்தில் பிள்ளையை வெளியே அழைக்க அவர் விடமாட்டார். திடலுக்கு என்று காலையும் மாலையும் தனியாக இருக்கின்றன. முதல் பீரியடில் இரண்டு பிள்ளைகள் தூங்கினார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சுவாதி வகுப்பறை போதும் என்று உங்கள் முன் சொன்னாள். அவள் சொன்ன அந்த வகுப்பறை அங்கேதான் இருக்கிறது. அவள் சொல் நிற்க வேண்டுமானால் அவளை அங்கே அனுப்ப வேண்டும். இதுவே தீர்ப்பு.'

படித்து முடித்து அவள் தலையைத் தூக்கவில்லை. கீழே அணித் தலைவி என்ற இடத்தில் பெயரைப் பெரிதாக எழுதினாள். அப்புறம் மெதுவாக, "இதயத்துக்கு நாலு அறை மிஸ். நேத்து படிச்சுட்டேன்," என்றாள்.

ஓவிய ஆசிரியர் அறையிலிருந்த பசை டப்பாவில் குச்சியை விட்டு உறையின் வாயைத் தடவி ஒட்டினேன். ஆரோக்கியம்மாள் பள்ளி முத்திரையைத் தன் கையாலேயே மடிப்பின்மேல் அழுத்தினார். ஒரு முறை போதாமல் இரண்டு முறை. கூட்டத்தில் தலைவர் எல்லோர் எதிரிலும் பிரிக்கட்டும் என்றார்.

சிறப்பு வகுப்பு விடும் நேரத்துக்கு விஜயகுமாரின் ஷேர் ஆட்டோ வாசலில் நிற்கும். குப்பத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார். உறையை அவரிடம் நீட்டினேன். மேலே எழுதியிருந்த பேரைப் படித்துவிட்டு வாங்காமலே சிரித்தார்.

"எங்க மாமாவுக்கா? நாங்க ரெண்டு பேரும் பேசி ரொம்ப நாளாச்சு டீச்சர். தெரிஞ்சேதான் எங்கிட்ட குடுக்கறீங்களா?"

"பேச வாணாம். கையில குடுத்தாப் போதும்."

"கையில குடுத்தா வா, உக்காருன்னு அக்கா சொல்லும். உக்காந்தா கொழம்பு ஊத்தும்." கொஞ்சம் யோசித்தார். "போட்டுல கால் வைக்க மாட்டேன்னுதான் சபையில சொன்னேன். வீட்டுல வைக்க மாட்டேன்னு சொல்லல."

உறையை வாங்கிக் கண்ணாடிக்கு மேலே, வண்டிக் காகிதங்கள் செருகியிருந்த இடத்தில் பத்திரமாகச் செருகினார். பின் இருக்கையில் மூன்று பிள்ளைகளுக்கு நடுவில் சுவாதி நெருக்கிக்கொண்டு ஏறி, அந்த உறையிலேயே கண்ணாக இருந்தாள். காத்துல பறந்துடப் போவுது மாமா என்றாள். உன்னைவிட பத்திரமா வெச்சிருக்கேன், கைய உள்ள இழு என்று சொல்லி அவர் வண்டியை எடுத்தார். துறைமுகச் சாலைத் திருப்பத்தில் ஆட்டோ மறையும்வரை அமிர்தமும் நானும் வாசலில் நின்றோம். அவளுக்குத் தெரியாமல், கழுத்து விசிலை அவள் கை இறுகப் பிடித்திருந்தது.